யார் காலில் விழுந்தான்?

"மானபங்கம்னா இன்னாம்மா?"

டைப் மெஷினிலிருந்து தாளை உருவி, நான் அடித்ததை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திக் கேட்டாள் தேசம்மா. இடது மணிக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தார்கள். முட்டையும் உளுந்து மாவும் கலந்து காய்ந்த வாடை கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"உன் மானத்துக்குப் பங்கம் வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றேன்.

"யாருக்கு? எனுக்கா?"

"ஆமா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபம். கையை ஒடித்தவன் மேல் இருந்ததோடு, என் மேலும்.

"என் மானம் எங்கயும் போகலம்மா. அது எங்கிட்டதான் கீது. தப்பு பண்ணவன் அவன். போனா அவன் மானம் போவட்டும். எனுக்குப் போனது கை. கைய ஒடிச்சிட்டான்னு எய்து."

ஒரே மனு

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு டைப் மெஷினும் இருந்த கடையில் நான் ஜாப் டைப்பிஸ்ட். தமிழ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் என்ற கர்வம் உண்டு. விரல் நுனியில் எப்போதும் கார்பன் கறை. சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பிடும்போது சோற்றில் அதன் எண்ணெய் வாடை அடிக்கும்.

என் மேஜைக்கு வராத துக்கம் இல்லை. பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு, வரப்புத் தகராறு, அடிதடி. எல்லாத் துக்கத்துக்கும் நான் அடித்தது ஒரே மனுதான். "மேற்படி முகவரியில் வசித்து, கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்" என்று தொடங்கும். "தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். நடுவில் நாலு வரி மாறும்.

வீட்டில் உதை வாங்கியவள் வந்தால் "மன உளைச்சல்". கையைப் பிடித்து இழுக்கப்பட்டவள் வந்தால் "மானபங்கம்". இந்தச் சொற்களை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய மனுக்களின் நகல்களைப் பார்த்து நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவனும் அப்படித்தான் எடுத்திருப்பான்.

இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு, அடிபட்டவளிடம் இருக்கிற ஒன்று கெட்டுப்போனதாக எழுதுகிற மொழியை அத்தனை நாள் அடித்திருக்கிறேன். வீட்டில் திருடு போனது என்று சொல்ல வருகிறவனிடம் "உன் நாணயம் போய்விட்டது" என்று எந்த மனுவாவது சொல்லுமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேசம்மா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவளை நான் "நீ" என்றுதான் பேசினேன். மில்காரர் வீட்டு அம்மாள் வந்திருந்தால் "வாங்க, உட்காருங்க" என்று எழுந்திருப்பேன். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

உமி ஷெட்டில் ஏது அரிசி?

தேசம்மா இருளர் குடும்பத்துப் பெண். சாலவாக்கம் பக்கத்தில் ஓர் ஊர், ஊர் முடிகிற இடத்தில் ஏரிக்கரை ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். அங்கிருந்து பெண்கள் ஒரு ரைஸ் மில்லுக்கு வேலைக்குப் போவார்கள். மில்லின் பெயர் வேண்டாம். ஊறவைத்து அவித்த நெல்லைச் சிமென்ட் களத்தில் கொட்டி, பலகையால் இழுத்துப் பரப்பி, வெயிலில் காலால் துழாவிக் காயவைக்கிற வேலை. நெல்லும் சுடும், களமும் சுடும். அந்தப் பெண்களின் உள்ளங்கால் மாட்டுத்தோல் மாதிரி இருக்கும்.

அங்கே ஒரு மேஸ்திரி. நாகப்பன் என்று வைத்துக்கொள்வோம். பாய்லருக்கு உமி அள்ள ஷெட்டுக்குள் போன தேசம்மாவின் பின்னாலேயே போனான். தகரக் கதவைச் சாத்தினான். அவள் அவன் முழங்கையைக் கடித்தாள். கடித்த பிடியை விடவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது என்று என்னிடம் சொன்னாள். அவன் அவள் மணிக்கட்டை முறுக்கினான். சுள்ளி ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம்.

அலறல் கேட்டு, களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்த நாகப்பன் கடிபட்ட கையைப் பிடித்தபடி, "அரிசி திருடுனா, புடிச்சேன். கடிச்சிட்டா" என்றான்.

உமி ஷெட்டில் ஏது அரிசி? யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலமே பேசி முடித்துவிட்டார்கள். மில் ஆபீஸ் அறையில், ஃபேனுக்குக் கீழே, மில் முதலாளியும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரும். தேசம்மாவின் புருஷன் ஏழுமலையைக் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். விறகு வெட்டப் போன இடத்திலிருந்து அழுக்குத் துண்டோடு வந்து நின்றான். அந்த மில் ஆபீஸுக்குள் ஏழுமலை கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. நாகப்பன் எல்லோர் முன்னாலும் அவன் காலில் விழுந்தான். முதலாளி ஏழுமலையின் தோளைத் தட்டினார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

தேசம்மா வெளியே களத்து ஓரமாக, வீங்கின கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை உள்ளே கூப்பிடவில்லை.

ஏழுமலை வெளியே வந்து, "முடிஞ்சிச்சி, வா போலாம்" என்றான்.

"இன்னா முடிஞ்சிச்சி?"

"மேஸ்திரி என் கால்ல உளுந்துட்டான்."

"உன் கால்ல ஏன் உளுந்தான்? உன் கையவா ஒடிச்சான்?"

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். இதைத் தேசம்மா என் மேஜைக்கு முன்னால் நின்று சொன்னபோது நான் மெஷினில் தாள் செருகிக்கொண்டிருந்தேன்.

காபியில் சர்க்கரை

என் சித்தி ஒருத்தி. அம்மாவின் தங்கை. கல்யாணமான மூன்றாம் வருஷம், புருஷன் வீட்டில் அடி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கத்து ஆண்களும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். ஏழு பேர். அவளைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று பேச்சு.

சித்தி அடுப்படியில் அவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தாள். அவள்தான் டம்ளர்களை எடுத்துவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தாள். கன்னத்தில் பச்சையாகக் கன்றிப்போயிருந்தது. எல்லோருக்கும் தெரிகிற இடம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் அவளைப் பார்த்து ஒரே ஒருவர்தான் வாய் திறந்தார். எங்கள் பெரியப்பா. "சர்க்கரை கம்மியா இருக்கேம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பெரிய சண்டை ஒன்று நல்லபடியாக முடிந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சித்தி அந்த வீட்டிலேயே இன்னும் பதினெட்டு வருஷம் அடி வாங்கினாள்.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுச் சபைக்கு ஆள் எடுத்தார்கள் என்று கல்வெட்டு இருக்கிறது. பார்க்க வெளியூரிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் சரித்திர ஆசிரியர் அந்தப் பாடம் நடத்தும்போது குரலே மாறிவிடும். இன்னின்ன நிலம் வேண்டும், இன்ன வயசு வேண்டும், இன்ன படிப்பு வேண்டும், இன்ன குற்றம் செய்திருக்கக் கூடாது என்று அடுக்குவார். "பொம்பளைங்க ஓலை போட்டாங்களா சார்?" என்று ஒருநாள் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

கேள்வியில் சிரிக்க என்ன இருந்தது என்று அன்றைக்குத் தெரியவில்லை. பின்னால் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் நியாயம் என்றால், இரண்டு ஆண்களுக்கு நடுவில் இருக்கிற மனஸ்தாபத்தைத் தீர்ப்பது. பெண் அந்த மனஸ்தாபத்துக்கான விஷயம். வரப்பு மாதிரி, வாய்க்கால் மாதிரி. வரப்பிடம் யார் போய், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பார்கள்?

"இது மனுவா, கதையா?"

தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் செருகினேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் தட்டிவிட்டுப் பிறகுதான் எழுத்தைத் தட்ட வேண்டும். அவள் பேச்சின் வேகத்துக்கு என் விரல் ஓடவில்லை. "மேஸ்திரி உமி ஷெட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினான். என் கையைப் பிடித்தான். நான் கடித்தேன். என் கையை ஒடித்தான். நான் திருடவில்லை. என் புருஷன் காலில் விழுந்தான். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் என்னிடம் வந்து சொல்ல வேண்டும்."

மனு ஒரு பக்கம்கூட வரவில்லை. நான் அதுவரை அடித்ததிலேயே பொய் இல்லாத மனு அதுதான்.

காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. மேஜையில் இருந்த ஏட்டு, ஸ்டேஷன் ரைட்டர், வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது மனுவா, கதையா? எவம்மா அடிச்சது?"

"நான்தான் சார்."

"புதுசா? மானபங்கம்னு ஒரு வார்த்தை இல்லாம நான் இன்னா செக்‌ஷன் போடறது?"

"கை ஒடிஞ்சிகீது சார், பாருங்க" என்று தேசம்மா கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"உன் புருஷன் எங்கம்மா?"

"அவரு கைக்கு இன்னா சார் ஆச்சி? அவரு வேலைக்குப் போய்க்கீறாரு."

ரைட்டர் என்னைப் பார்த்தார். "படிச்ச பொண்ணுதானே நீ? ஊர்ல பேசி முடிச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. முடிஞ்சதை எதுக்குக் கிளறுற?"

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் மனுவை வாங்கி ஒரு நோட்டுக்குள் செருகிவிட்டு, "கூப்பிட்டு அனுப்பறோம், போ" என்றார்.

பத்து நாள் ஆகியும் கூப்பிடவில்லை. நாகப்பன் அதே களத்தில் விசில் ஊதி வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.

அவித்த நெல் காத்திருக்காது

ஒருநாள் காலை தேசம்மா கடைக்கு வந்தாள்.

"நீ அடிச்ச காயிதத்தோட காப்பி வெச்சிக்கிறியாம்மா?"

"இருக்கு."

"எட்த்துக்கினு வா. எனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் முன்னால படிக்கணும்."

கடைக்காரரிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டவுன் பஸ்ஸில் போகும்போதே திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

மில்லில், தொட்டியிலிருந்து அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டிருந்தார்கள். குவியல் குவியலாக ஆவி பறந்தது. பன்னிரண்டு பெண்கள் பலகைகளைக் கீழே போட்டுவிட்டுக் களத்து ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவித்த நெல்லை உடனே பரப்பியாக வேண்டும். குவியலாகக் கிடந்தால் புழுங்கி நாறிவிடும். அரிசி மஞ்சளாகும். மில் முதலாளிக்கு அது தெரியும். அந்தப் பெண்களுக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

"இன்னாங்கடி இது? எழுந்து பரப்புங்க" என்று கத்தினார் முதலாளி.

"மேஸ்திரி வரட்டும் முதலாளி. இவகிட்ட பேசட்டும். அப்பறம் பரப்பறோம்" என்றாள் ஒரு பெரியம்மா.

"அதான் அன்னிக்கே அவ புருஷன்கிட்ட பேசியாச்சே!"

"அவ புருஷனா களத்துக்கு வேலைக்கி வந்தான்?"

யாரோ சிரித்தார்கள். முதலாளி ஏழுமலைக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்தால் தேசம்மாவை இழுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்திருப்பார். ஏழுமலை வந்தான். களத்து ஓரத்தில் நின்றான். நாகப்பனும் வந்தான்.

"படிம்மா" என்றாள் தேசம்மா.

தாளைப் பிரித்தேன். மில் ஓடுகிற சத்தத்தில் கேட்காது என்று கத்திப் படித்தேன். "யாரு இவ? வெளிய போகச் சொல்லு" என்று முதலாளி சொன்னது காதில் விழுந்தது. நிறுத்தவில்லை. நான் டைப் செய்த ஒன்றை வாய்விட்டு நாலு பேர் முன்னால் படித்தது வாழ்க்கையில் அன்றுதான்.

படித்து முடித்ததும் நாகப்பன், பழக்கதோஷமோ என்னவோ, ஏழுமலையைப் பார்த்து நடந்தான். குனியப் போனான். ஏழுமலை இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டான். அது வெட்கமா, பெண்டாட்டிக்குக் கொடுத்த மரியாதையா, பன்னிரண்டு பெண்களைப் பார்த்த பயமா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றாள் தேசம்மா.

திரும்பினான். "தெரியாம நடந்துபோச்சி" என்றான்.

"இன்னா தெரியாம? கதவு தானா சாத்திக்கிச்சா? இன்னா பண்ண, நீ சொல்லு."

நெல்லிலிருந்து புளித்த ஆவி வர ஆரம்பித்திருந்தது. முதலாளி, "சொல்லித் தொலைடா" என்றார்.

"கையப் புடிச்சி இயுத்தேன். முறுக்கனேன்."

"நான் திருடனேன்னியே?"

"பொய் சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிடு."

தேசம்மா கட்டுப் போட்ட கையை வலது கையால் தாங்கிக்கொண்டு அவனைப் பார்த்தபடி நின்றாள்.

"நீ கேக்கணும், கேட்டுட்ட. குடுக்கறது என் இஷ்டம். நான் குடுக்கல" என்றாள்.

பெண்கள் எழுந்து பலகைகளை எடுத்தார்கள்.

முடித்து வைத்தவர்கள்

"அப்புறம் அவளுக்கு நியாயம் கிடைத்துவிட்டதுதானே?" என்று இந்தக் கதையைக் கேட்டவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். நாகப்பன் ஒருநாள்கூட ஸ்டேஷன் படி ஏறவில்லை. மழைக்காலம் வந்ததும் "வேலை கம்மி" என்று சொல்லித் தேசம்மாவையும் வாய் திறந்த அந்தப் பெரியம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். மணிக்கட்டு கோணலாகவே கூடியது. என் கடைக்காரர், "மனு அடிக்கறவ மனுவைப் படிக்கப் போகக் கூடாது" என்று சொல்லி என்னையும் அனுப்பிவிட்டார். நான் ஒரு பழைய மெஷினை வாடகைக்கு எடுத்து, தாலுகா ஆபீஸ் எதிரே தனியாக உட்கார்ந்தேன்.

வருஷங்கள் போயின. மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அரசாங்க ஆபீஸில் யாரும் தகவல் கேட்கலாம் என்று சட்டம் வந்த புதிதில், எல்லோருக்கும் அந்த மனுவை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்காகவும் ஒன்று அடித்தேன். தேசம்மாவின் மனு என்ன ஆயிற்று?

ஒரு வரியில் பதில் வந்தது. "மனுதாரரின் கணவர் எழுதிக் கொடுத்ததன் பேரில் சமாதானமாக முடிக்கப்பட்டது."

தேசம்மா குடும்பம் அப்போது தென்னேரி பக்கம் குடிபோயிருந்தது. தேடிக்கொண்டு போனேன். நடவு முடித்து வந்து, காலில் சேறு காய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. ஏழுமலை பக்கத்தில் மீன் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படி இருக்கீங்க?" என்றேன். தாளைப் படித்துக் காட்டினேன்.

அவளுக்கு அது தெரியவே தெரியாது.

"நீ எய்திக் குட்த்தியா?" என்று ஏழுமலையைக் கேட்டாள்.

அவன் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டேசன்ல கூப்ட்டாங்க. கையெய்த்துப் போடுன்னாங்க. போட்டேன்."

"எப்போ?"

"களத்துல நீங்க குந்தனீங்களே, அதுக்கு முன்ன."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ பேஜார் பண்ணுவேன்னுதான்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றவன் அன்று களத்தில் பின்னால் நகர்ந்த அந்த இரண்டடிக்கு அப்போதுதான் எனக்கு ஏதோ ஒரு அர்த்தம் கிடைத்த மாதிரி இருந்தது. தேசம்மா அவனைத் திட்டவில்லை. எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரில் கால் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். திரும்பி வந்து என் முன்னால் குந்தினாள்.

"எய்திக்கோம்மா."

"இத்தனை வருஷம் கழிச்சு ஒண்ணும் நடக்காது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"நடக்கலன்னா நடக்கலன்னே இருக்கட்டும். முடிஞ்சிச்சின்னு எய்தி வெச்சிக்கிறாங்களே, அத்தக் கோடு போட்டு அடிக்கணும்."

கையோடு கொண்டுபோன நோட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாள் ஒரு சொல்லும் மாற்றாமல் கம்ப்யூட்டரில் அடித்து, அவளிடம் கைநாட்டு வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கு அட்டை வந்தது. பதில் வரவில்லை. அவள் சொன்ன மனு மொத்தமே மூன்று வரி.

"நான் சமாதானம் ஆகவில்லை. ஆனேனா என்று என்னை யாரும் கேட்கவில்லை. இனிமேல் கேட்பதாக இருந்தால் என்னைக் கேளுங்கள்."